மனசைக் கேட்க ஓர் ஆள்

சென்னையை அடுத்த அண்ணனூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் நிற்பது கேபிள் இணைப்பு. பள்ளியில் முதலில் போவது பி.டி. பீரியட். கணக்கு சார் கடனாக வாங்குவார், திருப்பித் தரமாட்டார். அப்பாவுக்கு மின்ரயில் கார் ஷெட்டில் ஷிப்ட், அம்மாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால், பிள்ளையின் முகம் வாடியிருப்பது வீட்டில் தெரியவே இரவு எட்டாகிவிடும்.

பள்ளியில் அதைக் கவனிக்கத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றிய அரசு 2020-ல் தொடங்கிய பள்ளி நலத் திட்டப்படி பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலத் தூதுவர்கள்; மனநலம், உறவுகள், போதைப்பழக்கம் என்று 11 தலைப்புகளில் வாரம் ஒரு வகுப்பு. தமிழக அரசுப் பள்ளிகளில் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி உண்டு. 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவர்களுக்கு ஐந்து அணிகள். எனக்குப் பிடித்தது இதுதான். கணக்கில் முப்பது வாங்குகிறவனும் முல்லைக்குப் புள்ளி சேர்க்கலாம்.

இவற்றில் எது பலிக்கும் என்பதற்கு பீகாரிலிருந்து ஒரு நல்ல பாடம் இருக்கிறது. நாலந்தா மாவட்டத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில், விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'சேஹர்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை. சில பள்ளிகளில் இதை நடத்தியவர் ஆசிரியர். வேறு சிலவற்றில் இந்த வேலைக்கென்றே பயிற்சி தந்து அமர்த்தப்பட்ட ஒருவர். அவர் மருத்துவரும் அல்ல, உளவியல் நிபுணரும் அல்ல.

2018-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவரைச் சீண்டுவதும் அடிதடியும் குறைந்தன. பள்ளிச் சூழலே மாறியது. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில்? திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பிரிட்டனிலும் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை எடுத்து, அவற்றில் ஏறக்குறைய பாதியில் ஆசிரியர்களைக் கொண்டு 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனும் மனக்கவனப் பயிற்சி சொல்லித்தந்து பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அது மேலானதாக இல்லை என்று 2022-ல் தெரிந்தது.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். மார்க் போடுபவரிடமே, அவர் வகுப்பில் தனக்குள்ள பயத்தை எந்தப் பிள்ளை சொல்லும்? பெட்டிக்குள் போடும் சீட்டின் கையெழுத்து, நோட்டுத் திருத்துகிறவருக்குத் தெரியாதா என்ன? போதாததற்கு தேர்தல் பணி, பொதுத்தேர்வு வேலை எல்லாம் அவர் தலையில்தான்.

சமூகப்பணியும் உளவியலும் படித்துவிட்டு ஏதோ ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் அண்ணனூர், ஆவடிப் பக்கம் கிடைக்காமல் போகமாட்டார்கள். பள்ளிக்கு ஒருவரை அமர்த்தலாம். அமர்த்திய பிறகு, ஆசிரியர் வரவில்லை என்று அவரைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும்.