கிளெயிம் தொகை குறைந்தால்… கையொப்பமிட முன் சற்று நில்லுங்கள்!

கடைக்குச் சாமான் ஏற்றிவரும் நமது வேன், முன்னால் திடீரென நின்ற காரில் முட்டிவிடுகிறது. ஆளுக்குச் சேதமில்லை, பம்பரும் ஹெட்லைட்டும் போய்விட்டன. கராஜில் 80,000 ரூபாவுக்கு எஸ்டிமேட் தருகிறார்கள். காப்புறுதிக் கம்பனியோ 50,000 ரூபாதான் தர முடியும் என்கிறது. வேன் ஓடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். எனவே தந்ததை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறோம்.

நம்மவர்கள் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தத் தாளில் பெரும்பாலும் 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வாசகம் இருக்கும். கையொப்பமிட்ட பின்னர் மிகுதியைக் கேட்பது மிகக் கடினம்.

முதலில் தொகை ஏன் குறைந்தது என்று அறிய வேண்டும். பொதுவான காரணங்கள் மூன்று.

ஒன்று, குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்திருப்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலை பெருமளவு ஏறியது. நாமோ தவணைப் பணத்தை மிச்சம் பிடிக்க, பழைய பெறுமதியையே எழுதிவந்தோம். 60 இலட்சம் பெறுமதியான வேனை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், அது 75 வீதம் மட்டுமே. பல பத்திரங்களின் நிபந்தனைப்படி, 80,000 ரூபா சேதத்திலும் 75 வீதமான 60,000 ரூபாவே கிடைக்கும்.

இரண்டு, கழிவுகள். ஒவ்வொரு கிளெயிமிலும் நாமே பொறுக்க வேண்டிய 'எக்ஸஸ்' 10,000 ரூபா என்றால், மேற்படி 60,000 ரூபா 50,000 ஆகிவிடும். பழைய வாகனமாயின் உதிரிப்பாகங்களுக்குத் தேய்மானமும் கழிப்பதுண்டு.

மூன்று, பாவனை. சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த வாகனத்தில் கூலிக்குச் சாமான் ஏற்றியிருந்தால், கிளெயிமே நிராகரிக்கப்படலாம்.

ஆகவே, குறைத்ததெல்லாம் அநியாயமுமல்ல. கம்பனி சொல்வதெல்லாம் சரியுமல்ல. எந்த நிபந்தனையின்படி எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால், அல்லது கூலியையும் சாமான் விலையையும் காரணமின்றி வெட்டியிருந்தால், வழக்காட உங்களிடம் விடயம் இருக்கிறது. வேறொரு கராஜிலும் எஸ்டிமேட் எடுங்கள். மதிப்பீட்டாளர் பார்த்து அனுமதி தரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம். உடைந்த பாகங்களையும் வீச வேண்டாம்.

பின்னர் கிளையோடு நிற்காமல், தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால், 2005இலிருந்து இயங்கிவரும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். நீதிமன்றம் கடைசி வழி. 30,000 ரூபாவுக்காக அங்கு போவது இலாபமா என்று கணக்குப் பாருங்கள்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, விபத்து நடந்த இடத்தில் நாம் நடந்துகொண்ட விதம். அங்கிருந்தே கம்பனிக்கு அறிவியுங்கள். படங்கள் எடுங்கள், மற்ற வாகனத்தின் இலக்கத்தைக் குறியுங்கள். கம்பனியைக் கேளாமல் 'பிழை என்னுடையதுதான், செலவைத் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அநேகமான பத்திரங்கள் அதற்கு இடமளிப்பதில்லை.

அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, தவணைப் பணம் எவ்வளவு என்று கேட்க முன், வாகனத்தின் இன்றைய விலை என்ன என்று விசாரியுங்கள். அன்று மிச்சம் பிடிக்கும் சில ஆயிரங்கள், கிளெயிம் நாளில் பல ஆயிரங்களாகக் கையைக் கடிக்கும்.