உமிக்கரி பிளாட்டினத்தின் வேலையைச் செய்யுமா?

பூதலூர்ப் பக்கம் அரிசி ஆலையில் உமியைக் கையில் அள்ளிப் பாருங்கள். சுணை குத்தும். அதிலுள்ள சிலிக்காதான் காரணம். காற்றில்லாமல் சுட்டு, காரத்தில் ஊறவைத்துச் சிலிக்காவை நீக்கினால், நுண்துளைகள் நிறைந்த கரி மிஞ்சும்.

இனி, இந்தக் கரிக்கு வேலை கிடைக்கக்கூடிய எரிபொருள் மின்கலத்துக்கு வாருங்கள். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைக்கப்பட்ட, கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகு ஓடுவது இதில்தான். ஒரு பக்கம் ஹைட்ரஜன் எலெக்ட்ரானை விடுகிறது. அது கம்பி வழியே போவதே மின்சாரம். மறுபக்கம் அந்த எலெக்ட்ரானைக் காற்றின் ஆக்சிஜன் வாங்கி, ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. லேசில் பிரியாது.

களத்தில் நெல்மூட்டையைத் தலைக்கு ஏற்ற ஒருவர் கைகொடுப்பார். அவர் மூட்டையோடு போவதில்லை, அடுத்த ஆளுக்கு நிற்பார். வினையூக்கி அப்படித்தான். இதுவரை அந்த ஆள் பிளாட்டினம். விலையோ கொள்ளை!

வெறும் கரிக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆனால் கார்பன் அணுக்களுக்கு நடுவே நைட்ரஜனைப் புகுத்தினால்? அது பக்கத்துக் கார்பனின் எலெக்ட்ரானைத் தன்பால் இழுக்கும். குறைபட்ட கார்பனில் ஆக்சிஜன் வந்து ஒட்டும், பிணைப்பு தளரும். உலோகமே இல்லாமல் வேலை நடக்கிறது!

2009இல் அமெரிக்காவில் ஆய்வாளர் லிமிங் டாயின் குழு நைட்ரஜன் கலந்த கார்பன் நானோகுழாய்களால் இதைக் காட்டியது. காரக் கரைசலில் அவை பிளாட்டினத்தையே மிஞ்சின. உமி, வைக்கோல் கரியிலும் இம்முயற்சி நடக்கிறது.

வண்டிகளில் வரும் எரிபொருள் மின்கலத்தின் உள்ளே இருப்பதோ அமிலச் சூழல். அங்கே கரி சீக்கிரம் களைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், ஆய்வுக்கூடங்கள் முட்டிமோத வேண்டிய இடம் அதுதான்.