கிறித்தவத்தில் இறைநீதியும் இறைஇரக்கமும்

கிறித்தவ நம்பிக்கையின்படி கடவுள் முழுமையான நீதி உடையவர். அளவற்ற இரக்கமும் உடையவர். நீதி, குற்றத்துக்கு ஏற்ற தண்டனையைக் கேட்கிறது. இரக்கம், குற்றவாளியை விடுவிக்கப் பார்க்கிறது. இவை இரண்டும் ஒரே கடவுளிடம் எவ்வாறு பொருந்தும் என்பது கிறித்தவ இறையியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. இயேசுவின் சிலுவைச் சாவில் நீதியும் இரக்கமும் ஒன்றுசேர்கின்றன என்பது பெரும்பாலான திருச்சபைகள் தரும் பொதுவான விடை. எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடுகள் தொடங்குகின்றன.

கேள்வி எழும் இடம்

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 34ஆம் அதிகாரத்தில் கடவுள் மோசேயிடம் தம்மைப் பற்றிக் கூறும் பகுதி உள்ளது. தாம் இரக்கமும் பொறுமையும் உள்ளவர், குற்றங்களை மன்னிப்பவர் என்று கூறும் அவர், அடுத்த மூச்சிலேயே குற்றவாளியைத் தண்டியாமல் விடுவதில்லை என்றும் கூறுகிறார். யோனா இதில் முதல் பாதியைக் கண்டுதான் கோபம் கொண்டார். நினிவே அழிய வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தவருக்குக் கடவுள் அந்நகரை மன்னித்தது பொறுக்கவில்லை.

நீதிமொழிகள் 17:15, குற்றவாளியை நேர்மையானவன் எனத் தீர்ப்பளிப்பதும், நேர்மையானவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பதும் ஆகிய இரண்டையும் கடவுள் அருவருக்கிறார் என்கிறது. ஆனால் உரோமையர் (ரோமர்) 4:5இல் பவுல், கடவுளை இறைப்பற்றில்லாதவரையே நேர்மையாளர் ஆக்குபவர் என்று அழைக்கிறார். மனித நீதிபதிக்கு விலக்கப்பட்ட செயல் கடவுளுக்கு மட்டும் எப்படித் தகும்?

வகுப்பறையிலும் இக்கேள்வி எழுவதுண்டு. பார்த்து எழுதிய மாணவனை ஆசிரியர் இரக்கப்பட்டு விட்டுவிட்டால், இரவெல்லாம் விழித்துப் படித்தவன் எழுந்து, "அப்படியானால் நான் எதற்கு சார் படித்தேன்?" என்பான். அவன் கேள்விக்குப் பதில் சொல்லாத இரக்கம் அவனுக்கு அநீதியாகவே தெரியும்.

நீதி என்னும் சொல்

தமிழில் "நீதி" என்றவுடன் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. இதனால் விவிலியத்தைப் படிப்பவர் சிறிது தடுமாற நேரிடும். தமிழ் விவிலியத்தில் பல இடங்களில் நீதி என்று பெயர்க்கப்படும் எபிரேயச் சொல் "செதாக்கா". உறவில் உண்மையாக நடப்பது, ஒடுக்கப்பட்டவரைக் காப்பது, கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது ஆகியவை எல்லாம் அச்சொல்லில் அடங்கும். பிற்கால யூத வழக்கில் அதுவே ஏழைக்குக் கொடுக்கும் தருமத்தையும் குறிக்கலாயிற்று. ஆகவே எபிரேயச் சிந்தனையில் நீதிக்கும் இரக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆயினும் சிக்கல் முழுவதும் மொழிபெயர்ப்பினால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. தண்டனைத் தீர்ப்பைப் பற்றியும் இறைவாக்கினர் ஏராளமாகப் பேசியுள்ளனர்.

இன்னொரு சொல்லும் இங்கே முக்கியமானது. உடன்படிக்கைப் பெட்டிக்குள் பத்துக் கட்டளைகள் பொறித்த கற்பலகைகள் இருந்தன. பெட்டியை மூடிய பொன் மூடியைச் சீர்திருத்தத் திருச்சபைகளின் தமிழ் வேதாகமம் "கிருபாசனம்" என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு "இரக்கத்தின் இருக்கை" என்றும் அழைக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, பாவப் பரிகார நாளில், தலைமைக் குரு பலி இரத்தத்தை அதன்மேல் தெளிப்பார். கீழே சட்டம், மேலே இரக்கத்தின் இருக்கை. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இம்மூடிக்கு வழங்கும் சொல் "ஹிலாஸ்டேரியோன்". உரோமையர் 3:25இல் பவுல் அதே சொல்லைச் சிலுவையில் இறந்த இயேசுவுக்குப் பயன்படுத்துகிறார். தமிழில் இது ஒரு மொழிபெயர்ப்பில் "கிருபாதாரபலி" என்றும், மற்றொன்றில் "கழுவாய்" என்றும் வருவதால் பெட்டியின் மூடியோடு உள்ள தொடர்பு படிப்பவருக்குப் புலப்படுவதில்லை. அடுத்த வசனத்தில் பவுல், கடவுள் தாமும் நீதியுள்ளவராய் இருந்து, நம்புவோரையும் நீதிமான்கள் ஆக்குவதற்காகவே இவ்வாறு செய்தார் என்று விளக்குகிறார். பிற்கால விவாதங்கள் யாவும் இந்த இரண்டு வசனங்களைச் சுற்றியே நடந்தன எனலாம்.

இரண்டு கடவுளரா?

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்சியோன் ஓர் எளிய தீர்வைச் சொன்னார். பழைய ஏற்பாட்டின் கடவுள் நீதி மட்டும் உடைய படைப்பாளர். இயேசு வெளிப்படுத்திய தந்தை, அவரினும் வேறான அன்புக் கடவுள். உரோமைத் திருச்சபை கி.பி. 144இல் மார்சியோனை விலக்கியது. தெர்த்துல்லியன் அவருக்கு எதிராக ஐந்து நூல்கள் எழுதினார். தீமையைக் கண்டு சினங்கொள்ளாதவர் நன்மையை உண்மையாக விரும்புபவர் ஆக முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மார்சியோனின் தீர்வு மறுக்கப்பட்டதால், இரு பண்புகளையும் ஒரே கடவுளிடம் வைத்தே விளக்க வேண்டிய கடமை திருச்சபைக்கு ஏற்பட்டது.

நீதிபதியா, கடன் கொடுத்தவரா?

காண்டர்பரி பேராயர் அன்செல்ம் (1033–1109), 1098இல் முடித்த "கடவுள் ஏன் மனிதரானார்" என்னும் நூலில் கடன் என்னும் கருத்தைக் கையாண்டார். பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மாண்பைச் செலுத்தாதிருப்பது. அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் மனிதர். ஆனால் அவரால் முடியாது. முடிந்தவர் கடவுள், ஆனால் அவருக்குக் கடமை இல்லை. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவரே அதைச் செய்ய முடியும். அன்செல்ம் இயேசு தண்டிக்கப்பட்டார் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈடு அல்லது தண்டனை, இரண்டில் ஒன்று நிகழ வேண்டும் என்றும், இயேசு தாமாக முன்வந்து அளித்தது ஈடு என்றும்தான் அவர் சொன்னார். சுருக்க விளக்கங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

பிரான்சு நாட்டுப் பீட்டர் அபெலார்டு (1079–1142) இதை ஏற்கவில்லை. குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தைக் கேட்டு மகிழும் கடவுள் கொடியவர் ஆகாரா என்று கேட்டார். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித உள்ளத்தில் பதில் அன்பை எழுப்புகிறது; அதுவே மீட்பு என்றார்.

தாமஸ் அக்குவைனஸ் (1225–1274) கேள்வியை வேறு திசையில் திருப்பினார். நூறு காசு கடன்பட்டவன் தன் சொந்தப் பணத்திலிருந்து இருநூறு கொடுத்தால் அநீதி செய்தவன் ஆகமாட்டான். நீதிக்கு மேலாகச் செய்தவன் ஆவான். கடவுளின் இரக்கமும் அப்படியே நீதியை நிறைவாக்குகிறது. நீதிபதி ஒருவர், பிறருக்குச் செய்யப்பட்ட குற்றத்தைத் தம் விருப்பப்படி மன்னித்துவிட முடியாது. தனக்குச் செய்யப்பட்ட தீங்கை ஒருவர் மன்னித்தால் அதில் அநீதி இல்லை. கடவுள் ஈடு இல்லாமலே மன்னித்திருக்கலாம். சிலுவை கட்டாயம் அன்று, மிகப் பொருத்தமான வழி என்றார் அவர். அன்செல்மைவிட இவர் விடை எனக்குத் தெளிவாகப் படுகிறது.

மார்ட்டின் லூதர் (1483–1546), "கடவுளின் நீதி" என்ற சொல்லையே தாம் வெறுத்திருந்ததாக 1545இல் எழுதிய முன்னுரையில் நினைவுகூர்ந்தார். அது தண்டிக்கும் நீதி அன்று, கடவுள் மனிதருக்கு அருளும் நீதி என்று உரோமையர் 1:17இலிருந்து புரிந்துகொண்ட பிறகே அவருக்கு அமைதி கிடைத்தது. மனிதருக்குரிய தண்டனையை இயேசு தம்மேல் ஏற்றார் என்னும் விளக்கம் கால்வினிடம் உறுதியான வடிவம் பெற்றது.

இதற்கு மிகக் கூர்மையான எதிர்ப்பு இத்தாலியரான ஃபவுஸ்தோ சொசினியிடமிருந்து வந்தது. கடன் முழுவதும் அடைக்கப்பட்டுவிட்டால் அங்கே மன்னிப்பு எங்கே இருக்கிறது? மேலும், ஒருவர் பாவத்துக்கு மற்றொருவர் சாவதில்லை என்று எசேக்கியேல் 18 கூறவில்லையா? டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோசியஸ் 1617இல் விடை எழுதினார். கடவுள் கடன் கொடுத்தவராக அல்ல, உலகை ஆள்பவராகச் செயல்படுகிறார். சட்டத்தின் மதிப்பு குலையாமல் மன்னிப்பு வழங்கும் வழியாகச் சிலுவை அமைந்தது என்றார். சொசினியின் இரண்டாம் கேள்விக்கு வேறொரு விடையும் உண்டு. தண்டனையை ஏற்றவர் மூன்றாம் ஆள் அல்லர். தீங்கிழைக்கப்பட்ட கடவுளே தம் மகனில் அதைச் சுமந்தார் என்பதே அது. இயேசு கடவுள் என்னும் நம்பிக்கை இல்லாமல் இவ்விடை நிற்காது. சொசினி அந்த நம்பிக்கையை ஏற்காதவர்.

கிழக்குத் திருச்சபைகள் பொதுவாகப் பாவத்தை நோயாகவும் கடவுளை மருத்துவராகவும் காண்கின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நினிவே ஆயர் ஈசாக்கு, கடவுளை நீதியுள்ளவர் என்று அழைக்கவே தயங்கினார். தகுதிக்கேற்ற கூலியைக் கடவுள் நமக்குத் தருவதாகவே தெரியவில்லையே என்பது அவருடைய காரணம்.

பாதிக்கப்பட்டவரின் நீதி

மேற்கண்ட விவாதங்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவர் உண்டு: குற்றத்தால் பாதிக்கப்பட்ட மனிதர். கடவுள் மன்னித்துவிட்டார் என்று குற்றவாளி சொன்னால், இழந்தவருக்கு என்ன பதில்? லூக்கா 19இல் வரும் சக்கேயு, இயேசு தம் வீட்டுக்கு வந்தபின், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வருகிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் பாவமன்னிப்புப் பெற்றவர் திருடியதைத் திருப்பித் தரவும், கெடுத்த நற்பெயரைச் சீர்செய்யவும் கடமைப்பட்டவர் என்று கற்பிக்கிறது.

மத்தேயு 18இல் உள்ள உவமையில் அரசர் தம் பணியாளருக்குப் பத்தாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளுபடி செய்கிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அக்கடனை அடைக்க 2,00,000 ஆண்டுகள் ஆகும். விடுதலை பெற்றவரோ, தமக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளரின் கழுத்தை நெரிக்கிறார். அரசர் தள்ளுபடியைத் திரும்பப் பெறுகிறார். இரக்கம் பெற்றவர் இரக்கம் காட்டாதபோது நீதி மீண்டும் வந்து நிற்கிறது.

அண்மைக்காலத்தில் இக்கேள்வி தென்னாப்பிரிக்காவில் நேரடியாக எழுந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு ஆங்கிலிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைவராக இருந்தார். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தின் முழு உண்மையையும் வெளியிட்டவருக்கு மன்னிப்பு வழங்கலாம் என்பது ஏற்பாடு. 1977இல் காவலில் அடைந்த காயங்களால் இறந்த ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினர், நீதிமன்றத்தை நாடும் தங்கள் உரிமையை இது பறிக்கிறது என்று வழக்குத் தொடுத்தனர். 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிக்கோவின் சாவு தொடர்பாக மன்னிப்புக் கோரிய காவல்துறையினரின் விண்ணப்பங்களை ஆணையம் 1999இல் நிராகரித்தது.