பேஜ்மேக்கர் ஓடினால் மட்டும் போதுமா?

கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் ஆண்டு மலர், ஊர் வரலாற்றுப் புத்தகம். நம்ம மாவட்டத்தில் இதெல்லாம் பல வருஷமா டிடிபி சென்டர்லதான் டைப் ஆச்சு. அதில் நிறைய பேஜ்மேக்கர் ஃபைல்கள். பேஜ்மேக்கரின் கடைசி வெர்ஷன் 7.0 வந்தது 2001-ல். 2004-ல் அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது. அந்த ஃபைலை இன்றைக்கு விண்டோஸ் 11 லேப்டாப்பில் எப்படித் திறப்பது?

முதல்ல, பழைய சாஃப்ட்வேர் ஏன் ஓட மறுக்குது? டாஸ் காலத்து வேர்ட்ஸ்டார், முரசு மாதிரியானவை 16 பிட் புரோகிராம்கள். அவற்றை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதி 64 பிட் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் வெர்ஷனே இல்லை. இதற்கு வழி டாஸ்பாக்ஸ். அது பழைய பிராசஸரையே சாஃப்ட்வேரில் நடித்துக் காட்டும்.

பேஜ்மேக்கர் 7.0 விஷயம் வேற. அது 32 பிட், ஆனால் எக்ஸ்பி காலத்துக்குச் செய்தது. புது விண்டோஸில் மல்லுக்கட்டுவதை விட, விர்ச்சுவல் பாக்ஸில் எக்ஸ்பி போட்டு அதற்குள் ஓட்டுவது நல்லது. எக்ஸ்பிக்கு 2014-லேயே சப்போர்ட் முடிஞ்சாச்சு; அதனால நெட்வொர்க்கை ஆஃப் பண்ணிடுங்க.

சரி, ஃபைல் திறந்தாச்சு. வேலை முடிஞ்சுதா? இல்லை. உள்ளே இருப்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே கிடையாது!

பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. பாமினி மாதிரி ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'கொடை' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது என், எஃப், ஹெச், ஐ, எல் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். அதாவது ஒற்றைக் கொம்பு, க, கால், ஐகாரக் கொம்பு, ட. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் க முதலில் வரும், ஒகரக் குறி பிறகுதான். எனவே கன்வெர்ட்டர் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: எக்ஸ்பிக்குள் ஃபைலைத் திறந்து, மேட்டரை டெக்ஸ்ட்டாக எக்ஸ்போர்ட் பண்ணுங்க. என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் சரியான என்கோடிங்கைத் தேர்வு செய்து யூனிகோடுக்கு மாற்றுங்க. ஒரு தடவை புரூஃப் பாருங்க. கொம்பு, கால் வரும் இடங்களில்தான் தப்பு ஒளிஞ்சிருக்கும். பக்க அமைப்பும் வேணும்னா பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணி வைங்க.

இதைச் செய்தால்தான் அந்த ஊர் வரலாற்றில் ஒரு பெயரைத் தேட முடியும், மொபைலில் படிக்க முடியும். ஆனால் எந்த ஃபான்ட் என்று தெரியாவிட்டால் எல்லாமே வெறும் ஆங்கிலக் குப்பை. அது தெரிந்தவர் பெரும்பாலும் டைப் பண்ணின அந்த அண்ணன் மட்டும்தான். கடையை மூடுறதுக்குள்ள போய்க் கேளுங்க மக்களே. ஃபைலை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, ஃபான்ட்டையும் சேர்த்து வாங்குங்க.