அப்டேட் மறுபடி மறுபடி ஃபெயில் ஆகிறதா? எண்ணைப் பாருங்கள்

விண்டோஸ் அப்டேட் 100 சதவீதம் வரை ஏறும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பிறகு, செய்த மாற்றங்களை நீக்குவதாக ஓர் அறிவிப்பைக் காட்டிப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மறுநாளும் இதே கதைதான். காரணத்தைச் சரிசெய்யாமல் ‘ரீட்ரை’ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் டேட்டாதான் வீணாகும்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய், அப்டேட் ஹிஸ்டரியைத் திறங்கள். தோற்றுப்போன அப்டேட்டின் ‘கேபி’ எண்ணும், பிழை எண்ணும் அங்கே இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிழை எண் 80070070 என்று முடிந்தால் டிஸ்கில் இடம் போதவில்லை. டெம்பரரி ஃபைல்களையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். 80073712 என்றால் அப்டேட்டுக்குத் தேவையான சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது. விண்டோஸுடனேயே வரும் ‘டிஸ்ம்’ கருவியை முதலிலும், ‘எஸ்எஃப்சி’ கருவியை அடுத்தும் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் அவை பழுது பார்க்கும்.

பிழை எண்ணை மட்டும் நம்பினால் சில நேரம் வழி தவறும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 அப்டேட், ஏராளமான கம்ப்யூட்டர்களில் 80070643 என்ற எண்ணோடு நின்றது. ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. வேறு அப்டேட்டுகளுக்கும் அதே எண் வரும். உண்மைக் காரணம், கண்ணில் படாத ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாததுதான். சி டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. பார்ட்டிஷனை அவரவரே பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது. கேபி எண்ணையும் சேர்த்துத் தேடியவர்களுக்குத்தான் இந்த விவரம் கிடைத்தது.

எண்ணை வைத்தும் பிடிபடவில்லை என்றால், பாதி இறங்கிக் கெட்டுப்போன ஃபைல் காரணமாக இருக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட், ‘பிட்ஸ்’ எனப்படும் பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் இரண்டையும் நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாக உருவாக்கி, அப்டேட்டை முதலிலிருந்து இறக்கும். பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், ஃபைல்களும் புரோகிராம்களும் அழியாமல் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்யும் வசதி விண்டோஸ் 11-இல், செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் இருக்கிறது. அழியாது என்றாலும், பார்ட்டிஷனில் கைவைக்கும் முன்பும் ரீஇன்ஸ்டாலுக்கு முன்பும் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

தொல்லை தாங்காமல் அப்டேட்டையே நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம். மாதாமாதம் வருபவற்றில் பெரும்பகுதி பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் வருகிறது.