உஷார்! நீல வானம் சிரிக்கிறது

காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு பிப்ரவரி காலை. இரண்டு நாளாகக் கொட்டிய பனி நள்ளிரவில் ஓய்ந்துவிட்டது. ஜன்னல் திரையை விலக்கினால் கண் கூசுகிறது. மரங்கள் ஒவ்வொன்றும் தலையில் வெள்ளை மூட்டை சுமந்து நிற்கின்றன. வானம் துடைத்துவைத்த நீலம். கஹ்வா தேநீர் கொண்டுவரும் பையன், "சாப், ராத்திரி மட்டும் இரண்டு அடி!" என்று பூரிக்கிறான். கைபேசியைத் திறந்தால் அன்றைய நிலவரம்: புதுப்பனி 60 செ.மீ., நல்ல வெயில், கேபிள் கார் ஓடுகிறது.

இதைவிட நல்ல நாள் வாய்க்குமா என்று பூட்ஸை மாட்டத் தொடங்கிவிட்டீர்களா? கொஞ்சம் உட்காருங்கள்.

பனிச்சறுக்கு மலையில் பயப்பட வேண்டிய நாள் இதுதான். புயலடிக்கும்போது கேபிள் கார் நின்றுவிடும், மலையே கதவைச் சாத்திக்கொள்ளும், மேலே போய் மாட்டிக்கொள்ள ஆளிருக்காது. புயல் ஓய்ந்த மறுநாள்தான் ஊரே மேலே ஓடுகிறது. விழுந்த பனி இன்னும் மலையோடு ஒட்டவில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

குல்மார்க்கில் இந்த எச்சரிக்கையை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் ஏறினால் அஃபர்வாட் மலையின் தோளில், 4,000 மீட்டருக்குச் சற்றே குறைவான உயரத்தில் நிற்பீர்கள். ஐரோப்பாவில் பெரும்பாலான பனிச்சறுக்கு ஊர்களில் லிஃப்ட்டிலிருந்து இறங்கினால் இயந்திரம் ஓட்டிச் சமன்படுத்திய பாதை இருக்கும், இருபுறமும் கம்பு நட்டிருப்பார்கள். அஃபர்வாட்டில் வெறும் மலைதான். கேபிள் காரை ஒட்டிய ஒரு பகுதியை மட்டும் ரோந்துப் படையினர் சோதித்து, தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியைத் தள்ளிவிட்டுத் திறக்கிறார்கள். அந்தப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் காவலில்லாத இமயமலை. டிக்கெட் வாங்கி ஏறியதால் மலை பழகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கை ஒட்டிய கிலான்மார்க் சரிவில் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள்மீது பனிச்சரிவு இறங்கியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பனிமலைப் போருக்கென்றே பயிற்சி தரும் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வாட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். கூட இருந்த இருபது பேர் அளவில் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி, பெரும் பனிப்பொழிவு ஓய்ந்த கையோடு, ரஷ்யர் ஒருவர் புதைந்து இறந்தார். இவர்கள் யாரும் பனியை அறியாதவர்கள் இல்லை.

நமக்கோ பனி என்றால் மார்கழிப் பனி. காதை மூடித் துண்டு கட்டினால் தீர்ந்தது. மலைப்பனிக்கு எடை உண்டு என்பது நம் உடம்புக்குத் தெரியாது. காற்று அழுத்திய பனி ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ தேறும். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம் உள்ள ஒரு தகடு உடைந்து வந்தால் 250 டன். சுமையேற்றிய இருபத்தைந்து லாரிகள் ஒன்றாக உருண்டு வருவதை நினைத்துப் பாருங்கள்.

அது ஏன் உடைகிறது? சமையலறைக் கணக்குதான். ஈரப்பதமுள்ள மாவு பிடித்தால் பிடிபடும், வறுத்த ரவை பிடிபடாது. வெகு நாள் புதுப்பனி விழாமல் குளிர் மட்டும் கடுமையாக இருந்தால், தரையில் கிடக்கும் பழைய பனி ரவை ரவையாக உதிரத் தொடங்கும். அதன் மேல் ஒரே மூச்சில் இரண்டு மூன்று அடி புதுப்பனி வந்து உட்கார்ந்தால், ரவை மேல் வைத்த பலகைபோல் நிற்கும். ஒரு ஆள் சறுக்கிப் போகும் பாரம் போதும், பலகை கழன்றுவிடும். பனிச்சறுக்கில் பனிச்சரிவுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லாய் கலான்', கொடுங்குளிர்க் காலம். மேற்கத்திய இடையூறு என்ற காற்றமைப்பு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து பனி கொட்ட வேண்டிய நேரம் அது. ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் மண் தெரியக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே தள்ளிப்போட்டார்கள். வறட்சி, பிறகு ஒரே கொட்டு. இந்த வரிசை வரும் ஆண்டில் பனிக்கு ஏங்கிக் கிடந்தவர்கள் இன்னும் அவசரமாக ஓடுவார்கள். அந்த அவசரத்தில்தான் ஆபத்து.

ஆகவே அன்றைய நிலவரத்தை ஆசையோடு படிக்காமல் சந்தேகத்தோடு படியுங்கள்.

புதுப்பனி: 24 மணி நேரத்தில் 30 செ.மீ. விழுந்தாலே மலைக்காரர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள். உங்கள் வாயில் எச்சில் ஊறவைக்கும் 60 செ.மீ. அவர்களுக்கு அபாய மணி.

காற்று: இன்று எவ்வளவு என்பதோடு, நேற்று எந்தப் பக்கம் அடித்தது என்றும் கேளுங்கள். பனி நின்ற பிறகும் காற்று ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கத்தில் பல மடங்கு குவித்திருக்கும். வழவழவென்று கொழுத்துத் தெரியும் அந்தச் சரிவுதான் பார்க்க அழகாக இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

வெப்பநிலை: காலையில் மைனஸ் 12, மதியம் சட்டென்று மைனஸ் 2 என்றால் பனி இளகும். மார்ச்சில் கேட்கவே வேண்டாம். காலையில் கண்ணாடிபோல் இறுகிய பனி, மதியத்துக்கு மேல் கஞ்சியாகி வழியும். மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்.

அபாய நிலை: பனிச்சரிவு எச்சரிக்கையை உலகெங்கும் 1 முதல் 5 வரை சொல்வது வழக்கம். நடுவில் இருப்பதால் 3 என்பது 'பரவாயில்லை' என்று படும். ஆல்ப்ஸ் மலையில் அதிகம் பேர் உயிர்விடுவது அந்த 3-இல்தான். 5-இல் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். சண்டிகரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஜி.ஆர்.இ. இமயமலைக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் அறையைப் பூட்டாதீர்கள்.

சரிவு: 30 முதல் 45 டிகிரி வரைதான் கொல்லும் கோணம். அது அப்படியொன்றும் செங்குத்தில்லை, நம் வீட்டு மாடிப்படி அளவுதான். நடக்கும்போது காலடியில் 'உம்' என்று அடித்தொண்டையில் உறுமும் சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ ஓர் அடி கூட முன்னே வைக்க வேண்டாம். வந்த தடத்திலேயே, சரிவுக்கு அடியில் நிற்காமல், திரும்பிவிடுங்கள்.

கயிற்றைத் தாண்டப்போகிறவர்களுக்கு மூன்று சாமான் கட்டாயம்: சமிக்ஞை அனுப்பும் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. வாடகைக்கு எடுத்துப் பையில் போட்டால் போதாது, தேடிப் பழக வேண்டும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. கீழிருந்து மீட்புப்படை வருவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். கூட வந்தவன் கையில்தான் உங்கள் உயிர். அவனுக்குப் பீக்கன் இயக்கத் தெரியுமா என்று ஏறுவதற்கு முன் கேளுங்கள்.

கயிற்றுக்குள்ளேயே இருக்கிறேன், புல்வெளிச் சரிவில் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன் என்பவர்களுக்கும் நாலு வார்த்தை. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. விரல் வலித்தால் பரவாயில்லை. வலி நின்று மரத்துப்போனால் உடனே உள்ளே ஓடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் துடிப்பீர்கள். அஃபர்வாட் உச்சியில் காற்று கடற்கரையைவிட 40 சதவீதம் அளவுக்கு மெலிந்தது. வந்த அன்றே ஏறித் தலைவலியும் குமட்டலும் வந்தால் வீரம் காட்டாமல் இறங்குங்கள். குளிருக்கு இதம் என்று மது குடிப்பது உடம்புச் சூட்டை வெளியேற்றும் வேலை. வாடகைக் கடையில் உங்கள் எடையைக் கூச்சப்படாமல் உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து கழல வேண்டிய இறுக்கத்தை அதை வைத்துத்தான் திருகுகிறார்கள். இரண்டு கிலோ குறைத்துச் சொல்வதில் அழகு கூடாது, பத்துக் கிலோ கூட்டிச் சொன்னால் முழங்கால் போகும்.

கடைசியாக ஒன்று. அங்கே போய் இறங்கியதும் எல்லோரும் வழிகாட்டியிடம் கேட்பது, "இன்று நல்ல பனி எங்கே?" அந்தக் கேள்விக்கு அவர் சந்தோஷமாகக் கை நீட்டுவார், அவர் பிழைப்பும் அதுதானே. நீங்கள் வேறு மாதிரி கேளுங்கள்: "இன்று எந்தப் பக்கம் போகக்கூடாது? ஏன்?" அவர் நின்று, மலையை அண்ணாந்து பார்த்து, நேற்றுக் காற்று எப்படி அடித்தது என்று சொல்ல ஆரம்பித்தால் அவர் பின்னால் போங்கள். "எல்லாப் பக்கமும் சூப்பர், சாப்!" என்றால் இன்னொரு கஹ்வா சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.