பூவரசின் வைரம்

அனலைதீவில் காடு இல்லை. சுண்ணக்கல்லின்மேற் படிந்த மண்ணும் பனையுமே அத்தீவின் செல்வம். கதவுக்கும் நிலைக்கும் வேண்டிய முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து கடல் கடந்தே வரவேண்டும். ஆயினும், கண்ணுக்கினிய நிறங்கொண்ட மரமொன்று அங்குள்ள வேலிகளிலேயே நிற்கின்றது. குழைக்காக அதனை வெட்டுவோர் பலர். மரமென மதிப்போர் சிலரே. பூவரசுதான் அது.

பூவரசின் மலர் காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையிற் செம்மை படர்ந்து வாடும். மரத்தினுள்ளும் இத்தகைய நிறவேறுபாடு உண்டு. பட்டையை அடுத்த பகுதி வெளிறு. உள்ளே வைரமோ செம்மை கலந்த கபிலமாயும், முதிர்ந்தவிடத்துக் கருஞ்சிவப்பாயும் தோன்றும். குயினோன் வகையைச் சேர்ந்த நிறச் சேர்வைகள் அதில் உறைந்துள்ளன. புதிதாக அறுத்த பலகையில் ரோசாவின் மணத்தையொத்த மணம் எழும். பசிபிக் ரோஸ்வுட் என்னும் வணிகப் பெயர் இம்மரத்துக்கு உண்டு. இழை நெருக்கமாதலால் சீவுளிக்கு இணங்கும், மினுக்கினால் ஒளிரும். உலர்ந்தபின் அதிகம் சுருங்காது. நீரிலும் நெடுநாள் தாங்கும்.

வண்டிச் சில்லின் ஆரை, துப்பாக்கியின் பிடி, தளபாடம் ஆகியவற்றுக்கு இது பயன்பட்டுள்ளது. கோணல் மரமும் வீணன்று; வளைந்த கிளை படகின் விலாச்சட்டத்துக்கு இயல்பாகவே பொருந்தும். ஹவாய்த் தீவினர் இதனை மிலோ என அழைத்து, உணவுக் கலங்கள் கடைந்தனர். உண்பொருளின் சுவையை இம்மரம் கெடுப்பதில்லை. காய்கள் கடல்நீரில் மிதந்து கரை சேர்வதாலேயே இத்துணைத் தொலைவிலும் ஒரே மரம் வளர்கின்றது. தெய்விகம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே தெஸ்பீசியா என்னும் அதன் தாவரவியற் பெயர்.

இத்தகைய மரம் தீவகத்தில் ஏன் பலகையாவதில்லை? காரணம் தோட்டக்காரனின் தேவை. சுண்ணக்கல் நிலத்துக்குத் தழைப்பசளை இன்றியமையாதது. புகையிலைத் தோட்டத்தில் தாழ்ப்பதற்குப் பூவரசங்குழையைப்போல் எளிதிற் கிடைப்பது வேறில்லை. ஆகவே கதியாலாக நட்டு, ஆண்டுதோறும் கிளைகளைத் தறிக்கின்றனர். தறித்த வாயில் நீர் தங்க, உக்கல் உள்ளே இறங்குகின்றது, நடு கோறையாகின்றது. தோட்டக்காரனைக் குறைகூறுதல் முறையன்று. குழையில்லையேல் அவனுக்கு விளைச்சல் இல்லை. ஆனால் வேலியின் ஒரு மூலையிலேனும், விதையில் முளைத்த கன்றொன்றைத் தறியாது விடலாம். அதன் அடிமரம் நேராக ஓடும். கதியால்மரத்தை விலைபேசுமுன் தச்சன் அதனைத் தட்டிப் பார்ப்பான். கோறை ஒலித்தால், விறகு விலைதான் சொல்வான்.